கன்றை அறுக்கும் புழுவுக்கு நெமற்றோட்டு

கேள்வி: களுவாஞ்சிகுடிப் பக்கம் மணல் நிலம். நட்ட மிளகாய்க் கன்றுகளை இரவில் ஏதோ அடியோடு அறுக்கிறது. புழுவைக் கொல்லும் நெமற்றோட்டு (மண்ணில் வாழும் மிக நுண்ணிய உருளைப்புழு) உள்ள பொதி ஒன்றை நண்பகலில் தெளித்தேன். பலனில்லை, ஏன்?

பதில்: அறுப்பது வெட்டுப்புழு. விழுந்த கன்றின் அடியில் இரண்டு விரற்கடை கிளறுங்கள்; சுருண்டு கிடக்கும். மருந்தில் குறையென்று முடிவுகட்ட வேண்டாம், தெளித்த நேரம்தான் பிழை. நெமற்றோட்டு வெயிலிலும் வறட்சியிலும் செத்துவிடும். வறண்ட கச்சான் காற்று வீசும் காலத்தில் உங்கள் மேல்மணல் ஈரம் பிடித்து நிற்காது.

பொழுதுபட்ட பின் முதலில் பாத்தியை நனையுங்கள். சதுர மீற்றருக்கு 2.5 இலட்சம் நெமற்றோட்டு தேவை. 5 கோடிப் பொதி 200 சதுர மீற்றருக்குக் காணும். 10 சதுர மீற்றருக்கு 10 லீற்றர் கிணற்றுத் தண்ணீரில் கரைத்துப் பூவாளியால் ஊற்றலாம். அடிக்கடி கலக்குங்கள், அவை அடியில் தங்கிவிடும், கடைசிப் பாத்திக்குத்தான் எல்லாம் போய்ச் சேரும். தெளிகருவியென்றால் உள்ளிருக்கும் நுண்வடியைக் கழற்றிவிடுங்கள். பிறகு இலையில் ஒட்டியதை மண்ணில் இறக்க மேலால் தண்ணீர் விடுங்கள். இரண்டு கிழமை ஈரம் காயவிடக்கூடாது.

வெட்டுப்புழுவுக்கு ஸ்டைனர்நீமா கார்ப்போகாப்சே என்ற நெமற்றோட்டு இனம் நல்லது. அது புழுவின் உள்ளே நுழைந்து பற்றீரியாவை விடும்; புழு பெரும்பாலும் இரண்டு நாளில் சாகும். கரைத்த நீரில் ஒரு துளியை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள். நெளிவே இல்லையென்றால் பொதியில் உயிரில்லாமல் இருக்கலாம். வேர்முடிச்சு உண்டாக்கும் நெமற்றோட்டு வேறு இனம். இது செடியைத் தொடாது.