பல் ஊசி போட்டதும் படபடத்தது: அது அலர்ஜிதானா?

கேள்வி: எட்டு வருடம் முன்பு பல் பிடுங்க மரத்துப்போகும் ஊசி போட்டார்கள். உடனே நெஞ்சு படபடத்தது, கை நடுங்கியது. கால் மணி நேரத்தில் சரியாகிவிட்டது. 'மருந்து அலர்ஜி' என்று எழுதிக் கொடுத்தார்கள். இப்போது வேர் சிகிச்சை செய்ய வேண்டும். முழு மயக்கம் கொடுத்துத்தான் செய்ய முடியும் என்கிறார்கள். அப்படியா?

பதில்: நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது அலர்ஜி மாதிரி தெரியவில்லை, ஊசி மருந்தில் கலந்திருக்கும் அட்ரினலின் செய்த வேலை. மரத்துப்போக வைக்கும் மருந்தான லிடோகெய்னை வெறுமனே போட்டால் ரத்தக் குழாயை விரித்துவிடும். போட்ட இடத்திலிருந்து ரத்தமே அதை அடித்துக்கொண்டு போய்விடும். அதனால் 80,000-இல் ஒரு பங்கு, 1,00,000-இல் ஒரு பங்கு என்று துளி அட்ரினலின் சேர்ப்பார்கள். அது குழாயைச் சுருக்கி மருந்தை அங்கேயே நிறுத்தும். ஊசி முனை தவறி ரத்தக் குழாய்க்குள் போய்விட்டாலோ, அவசரமாக அழுத்தினாலோ, இதயம் குதிக்கும். தள்ளுகோலைக் கொஞ்சம் பின்னால் இழுத்து, ரத்தம் ஏறுகிறதா என்று பார்த்துவிட்டு மெதுவாகச் செலுத்துவது இதற்காகத்தான்.

இந்த அலர்ஜி பயத்துக்கு ஒரு பழைய காரணம் உண்டு. 1884-இல் கோகெய்னை வைத்துத் தாடை நரம்பை மரக்கச் செய்த அமெரிக்க அறுவை மருத்துவர் ஹால்ஸ்டெட் அதற்கே அடிமையானார். பிறகு ஜெர்மன் வேதியியலாளர் ஐன்ஹார்ன் உருவாக்கிய புரோகெய்ன் என்ற மரக்க வைக்கும் மருந்து வந்தது. அது உடலில் சிதையும்போது உண்டாகும் பொருள் சிலருக்கு நிஜமாகவே அலர்ஜி தந்தது. 1943-இல் ஸ்வீடன் வேதியியலாளர் லோஃப்கிரென் உருவாக்கிய லிடோகெய்ன் வேறு ஜாதி. அதற்கு உண்மையான அலர்ஜி மிக அரிது.

ஒரு விதிவிலக்கு மட்டும் உண்டு, கவனியுங்கள். அட்ரினலின் கெடாமல் இருக்க சல்ஃபைட் என்ற பாதுகாப்புப் பொருளைச் சேர்ப்பார்கள். சல்ஃபைட்டால் மூச்சுத் திணறல் வருகிறவர்கள், முக்கியமாகச் சில ஆஸ்துமாக்காரர்கள், முன்பே சொல்லிவிட வேண்டும். அப்போதும் ஊசியே கூடாது என்றில்லை. அட்ரினலினும் சல்ஃபைட்டும் இல்லாத மருந்து இருக்கிறது. ஊசிக்குப் பின் உடம்பில் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சு இழுப்பு வந்திருந்தால் அலர்ஜி நிபுணரிடம் போங்கள். கையில் ஒரு சொட்டு குத்தி 'டெஸ்ட்' என்று பல் நாற்காலியிலேயே முடிப்பதை நம்பாதீர்கள்.

முழு மயக்கப் 'பேக்கேஜ்' விற்கும் தரகர்களிடம் இன்னும் கவனம் வேண்டும். அலர்ஜி என்ற ஒரு வார்த்தை அவர்களுக்குக் கமிஷன். எந்த மருந்து, எவ்வளவு, என்ன நடந்தது என்று எதுவும் இல்லாமல் ஒற்றை வார்த்தையைக் கிறுக்கிவிட்டுப் போகிறவர்களை என்ன சொல்வது! பழைய குறிப்பின் நகலைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதில் மருந்தின் பெயர் இல்லையென்றால், எனக்கு எழுதியதை அப்படியே புது மருத்துவரிடம் சொல்லுங்கள்.