வாசகர் கேள்வி பதில்: மனசே இல்லாம ஊருக்குத் திரும்பணுமா?

கேள்வி: கனடா வந்து நாலு வருஷம் ஆச்சு, பிஆர் (நிரந்தரமா தங்கற உரிமை) இருக்கு, இப்பதான் படிச்ச படிப்புக்கு ஏத்த வேலை அமைஞ்சிருக்கு. அம்மா தவறிட்டாங்க, அப்பா ஊர்ல தனியா இருக்கார். அக்கா போன் பண்ணா 'எப்ப வர்ற'ன்னுதான் ஆரம்பிக்கிறா. எனக்குப் போக மனசே இல்ல, போகலைன்னா காலம் பூரா உறுத்தும். என்ன பண்ணட்டும்?

பதில்: போக மனசில்லைங்கறதால அப்பா மேல பாசம் இல்லைன்னு ஆயிடாது, அந்தக் குழப்பத்த முதல்ல விடுங்க. உங்க கடிதத்துல அக்கா என்ன சொல்றாங்கன்னு இருக்கு, அப்பா என்ன சொல்றார்னு ஒரு வரி கூட இல்லையே, அவர்கிட்ட கேட்டீங்களா? நெறைய வீட்ல பிள்ளைங்களே கூடிப் பேசி முடிவு பண்ணிட்டு கடைசியாத்தான் பெரியவர்கிட்ட சொல்வாங்க. அதுக்காக வீடியோ கால்ல அவர் 'எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்'னு சொல்றத அப்படியே நம்பவும் வேணாம். ஒரு மாசம் லீவு போட்டுப் போய் விருந்தாளி மாதிரி இல்லாம கூடவே இருங்க, மாத்திரை டப்பாவ நீங்களே நிரப்புங்க, பேங்க்குக்கும் ஆஸ்பத்திரிக்கும் கூடப் போய் க்யூல நில்லுங்க, எதுக்கு ஒரு ஆள் இருந்தா போதும், எதுக்குப் பெத்த பிள்ளைதான் வேணும்ங்கறது அப்ப தெளிவாத் தெரிஞ்சிடும்.

இன்னொண்ணு, நீங்க இத 'ஒரேயடியா போறதா, இல்லையா'ன்னு பாக்கறீங்க, சட்டம் உங்கள அப்படி நெருக்கல. பிஆர் தக்க வெச்சுக்க அஞ்சு வருஷத்துல 730 நாள் கனடால இருந்தா போதும், அதாவது கிட்டத்தட்ட மூணு வருஷம் வெளிய இருக்கலாம். பிஆர் கார்டு காலாவதி ஆனா அந்தஸ்து போயிடாது, ஆனா கார்டு இல்லாம ப்ளைட் ஏற விட மாட்டாங்க, வெளிநாட்டுல இருந்தபடி தனியா பயண ஆவணம் வாங்க அலையணும், அதனால தேதியப் பாத்துட்டுக் கிளம்புங்க. குடியுரிமைக்கு அஞ்சு வருஷத்துல 1,095 நாள் கணக்கு, ஊருக்கு வந்து போன நாளக் கழிச்சுக் கூட்டிப் பாருங்க, பிஆருக்கு முன்னாடி படிக்கவோ வேலைக்கோ முறையா இருந்த நாள அரை நாளாத்தான் எடுத்துப்பாங்க, அதுவும் 365 நாளுக்கு மேல சேராது. கொஞ்சம்தான் பாக்கின்னா அத முடிச்சு அப்ளை பண்ணிட்டே போங்க, உறுதிமொழி எடுக்கற வரைக்கும் பிஆர் கணக்கு தப்பாம இருக்கணும், சொந்த நாடு இரட்டைக் குடியுரிமைய ஏத்துக்குமான்னும் விசாரிச்சுக்கோங்க.

போறதுன்னு முடிவாச்சுன்னா அது உங்க முடிவாவே இருக்கட்டும். 'உங்களுக்காகத்தானே எல்லாத்தையும் விட்டுட்டு வந்தேன்'ங்கற பேச்சு, கோவத்துல கூட, அப்பா காதுல விழவே கூடாது.

கேள்வி: வேலை கான்ட்ராக்ட் முடிஞ்சு வேற வழியில்லாம திரும்பி வந்துட்டேன். சொந்த வீட்லயே விருந்தாளி மாதிரி இருக்கு. எனக்கு மட்டும்தான் இப்படியா?

பதில்: இல்லவே இல்ல. போர் முடிஞ்சு வீடு திரும்புற சிப்பாய்கள மனசுல வெச்சு ஆல்ஃப்ரட் ஷுட்ஸ்ங்கற சமூகவியலாளர் 1945லயே இதப் பத்தி எழுதிட்டார். புது ஊருக்குப் போறவன் எல்லாம் புதுசாத்தான் இருக்கும்னு தயாராப் போறான், வீடு திரும்பறவன் எல்லாம் பழசாவே இருக்கும்னு நம்பி வர்றான், அங்கதான் அடி. 1963ல கல்லஹார்ன்னு ரெண்டு பேர், வெளிநாடு போய்த் திரும்பறவங்களோட மனநிலை டபிள்யூ எழுத்து மாதிரி, அங்க இருக்கறப்ப ஒரு தடவை, வீடு திரும்பின பிறகு இன்னொரு தடவைன்னு ரெண்டு தடவை இறங்கி ஏறும்னாங்க, எல்லாருக்கும் அப்படியே பொருந்தும்னு நான் சொல்ல மாட்டேன், ஆனா ரெண்டாவது இறக்கம்னு ஒண்ணு இருக்குங்கறது தெரிஞ்சா கொஞ்சம் ஆறுதல்தான்.

ஒண்ணு மட்டும் கவனிச்சுப் பாருங்க, நீங்க 'அங்கெல்லாம்...'னு ஆரம்பிச்ச உடனே எதிர்ல இருக்கறவர் கை போனத் தேடும். அவருக்கு உங்க மேல வெறுப்பெல்லாம் இல்ல, அந்தக் கதைல அவர் இல்ல, அவ்வளவுதான். நீங்க இல்லாதப்ப இங்க என்ன நடந்துச்சுன்னு கேட்டுப் பாருங்க, மணிக்கணக்கா பேசுவார். அந்த ஊர்க் கதைய, அங்க இருந்துட்டு வந்த வேற யார்கிட்டயாவது ஆசை தீரப் பேசிக்கோங்க.

கேள்வி: என் பொண்ணுக்குப் பதினொரு வயசு, இங்க வெளிநாட்டுலயே பொறந்தவ, ஊருக்குத் திரும்பப் போறோம்னதும் 'நான் வர மாட்டேன்'னு ஒரே அழுகை. எப்படிச் சமாளிக்க?

பதில்: 'அங்க போனா ஜாலியா இருக்கும்'னு மட்டும் சொல்லிடாதீங்க, ஒரே வாரத்துல உங்க பேச்சு எடுபடாம போயிடும். உங்களுக்குத் திரும்பறது, அவளுக்கு அது புது நாடு. முடிஞ்ச வரைக்கும் ஸ்கூல் வருஷத்து நடுவுல மாத்தாதீங்க, அவ பேச மட்டும் தெரிஞ்ச பாஷைல பரீட்சை எழுதணுமா, முதல் வருஷம் விலக்கு கிடைக்குமான்னு புது ஸ்கூல்ல முன்னாடியே கேட்டுடுங்க. அவ ஃப்ரெண்ட்ஸோட எந்தக் கிழமை எத்தன மணிக்குப் பேசறதுன்னு, நேர வித்தியாசம் பாத்து, அந்தப் பிள்ளைங்களோட அப்பா அம்மாகிட்ட கிளம்பறதுக்கு முன்னாடியே பேசி வெச்சிடுங்க.