தேதி குறிப்பதற்கு முன்னால்: பொதுக்காரியக் கேள்வி – பதில்

டெல்டா மாவட்டங்களில் அரிமா சங்கம், ரோட்டரி, இளைஞர் மன்றம், மகளிர் குழு என்று பொதுக்காரியத்தில் இருப்பவர்கள் அனுப்பிய கேள்விகளில் ஏழுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம்.

எங்கள் சங்கத்தில் 36 உறுப்பினர்கள். மாதக் கூட்டத்துக்கு 10, 12 பேர்தான் வருகிறார்கள். ஏழு மணி என்று அழைப்பு அனுப்பினால் எட்டு மணிக்கு ஆரம்பித்துப் பத்தரைக்கு முடிகிறது. எப்படிச் சரிசெய்வது?
– ஒரு செயலாளர், மன்னார்குடி

முதலில் ஒரே ஒரு கூட்டத்தில், எதற்கு எத்தனை நிமிடம் போகிறது என்று கடிகாரத்தைப் பார்த்து எழுதி வையுங்கள். பெரும்பாலான சங்கங்களில் காத்திருப்பது, வரவேற்புரை, பொன்னாடை, படம் எடுப்பது இவற்றுக்கே பாதி நேரம் போய்விடும். அடுத்த வேலையைப் பற்றிப் பேச வரும்போது மணி பத்தாகியிருக்கும். எட்டு கிலோமீட்டர் தள்ளி வண்டியில் வீட்டுக்குப் போக வேண்டியவர் அதற்குள் எழுந்துவிடுவார். வேலை பேசாத கூட்டத்துக்கு அவர் மறுமாதம் வரமாட்டார்.

வரிசையை மாற்றுங்கள். 7.10-க்கு ஐந்து பேர் இருந்தாலும் ஆரம்பித்துவிடுங்கள். போன மாதத் தீர்மானங்கள் என்ன ஆயின என்பதற்கு 10 நிமிடம், வரவு செலவு 10 நிமிடம், அடுத்த வேலை 30 நிமிடம், விருந்தினர் பேச்சு 15 நிமிடம், பிறந்தநாள் வாழ்த்தும் நன்றியும் 5 நிமிடம். 70 நிமிடத்தில் முடிந்து 8.20-க்கு இலை போட்டுவிடலாம். முதல் இரண்டு மாதம் தாமதமாக வருபவர்கள் வருத்தப்படுவார்கள். மூன்றாம் மாதம் நேரத்துக்கு வந்துவிடுவார்கள். விருந்தினருக்குப் பேச்சு எத்தனை நிமிடம் என்பதை அழைக்கும்போதே சொல்லிவிட்டால் அவருக்கும் மரியாதை, உங்களுக்கும் சங்கடமில்லை.

தீர்மானப் புத்தகத்தில் ஒவ்வொரு முடிவுக்கும் என்ன வேலை, யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள் என்ற மூன்றையும் எழுதுங்கள். 'ஏற்பாடு செய்வதென முடிவு செய்யப்பட்டது' என்று மட்டும் எழுதினால் அதைச் செய்ய ஆள் இல்லை என்று பொருள். மறுநாள் காலை அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள்.

இன்னொன்று நம் மண்ணுக்கே உரியது. மேட்டூர் ஜூன் 12-இல் திறந்தால், தண்ணீர் கல்லணை தாண்டி வந்ததும் குறுவை நாற்றும் நடவும் தொடங்கிவிடும். தை, மாசியில் சம்பா அறுப்பு. அறுத்த நெல்லைக் கொட்டிவைத்துக் கொள்முதல் நிலையத்தில் ராக்காவல் இருப்பவரைக் கூட்டத்துக்கு வரவில்லை என்று சொல்வது நியாயமில்லை. ஆண்டுத் தொடக்கத்திலேயே பஞ்சாங்கத்தையும் சாகுபடிப் பட்டத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு 12 தேதிகளையும் குறித்துவிடுங்கள். முகூர்த்த நாளையும் அதற்கு முந்தைய மாலையையும் தவிர்த்தாலே ஐந்தாறு பேர் கூடுவார்கள்.

நாங்கள் 24 நண்பர்கள், மாதம் ஆளுக்கு 200 ரூபாய் போட்டு உதவிகள் செய்கிறோம். பதிவு செய்ய வேண்டுமா?
– சீர்காழி வாசகர்

வேண்டும். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்படி ஏழு பேர் இருந்தால் சங்கம் பதியலாம். உறுப்பினர்கள் 20 பேரோ அதற்கு மேலோ இருந்தாலும், ஆண்டு வரவோ செலவோ 10,000 ரூபாயை எட்டினாலும் பதிவு கட்டாயம். உங்களுக்கு இரண்டும் பொருந்துகிறது. உங்கள் ஆண்டு வரவு 57,600 ரூபாய். மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் சங்க விதிகளையும் நிர்வாகிகள் பட்டியலையும் கொடுத்துப் பதியுங்கள். பிறகு சங்கத்தின் பெயரில், இருவர் கையெழுத்திட்டால்தான் பணம் எடுக்க முடியும் என்ற வகையில் வங்கிக் கணக்கு தொடங்குங்கள். ஒருவருடைய சொந்த ஜிபே எண்ணில் பணம் சேர்வதுதான் நல்ல நண்பர்களையும் பிரிக்கிறது. அவர் ஒரு ரூபாய்கூட எடுத்திருக்க மாட்டார், ஆனாலும் காட்டக் கணக்கு இருக்காது.

நன்கொடையாளர் வருமான வரிச் சலுகை கேட்டால், சங்கத்துக்கு 80ஜி அங்கீகாரம் இருக்க வேண்டும். இருந்தாலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அவருக்குச் சலுகை கிடையாது. காசோலையாகவோ வங்கி வழியாகவோ வாங்குங்கள்.

அக்டோபர் 1 தேசியத் தன்னார்வ ரத்த தான நாளில் முகாம் நடத்தினோம். 110 பேர் பெயர் கொடுத்தார்கள், 41 பேரிடம்தான் ரத்தம் எடுத்தார்கள். பலர் காத்திருந்து திரும்பினார்கள். எங்கே தவறினோம்?
– பாபநாசம் வாசகர்

இரண்டு இடத்தில் தவறியிருக்கும். ஒன்று, கட்டில் கணக்கு. ஊசி குத்தி எடுப்பது பத்து நிமிடத்துக்குள் முடிந்தாலும், ஒருவர் ஏறிப் படுத்து இறங்க 20 நிமிடம் ஆகிறது. அதாவது ஒரு கட்டிலுக்கு மணிக்கு மூன்று பேர். நான்கு கட்டில், நான்கு மணி நேரம் என்றால் 48 பேர்தான். ரத்த வங்கியிடம் எத்தனை கட்டில், எத்தனை பை, எத்தனை பணியாளர் என்று கேட்டுவிட்டு அதற்கேற்ப ஆளைக் கூப்பிட வேண்டும். 9 மணிக்கு 12 பேர், 10 மணிக்கு 12 பேர் என்று நேரம் கொடுத்தால் யாரும் வெயிலில் நிற்க வேண்டியதில்லை.

மற்றொன்று, தகுதியை முன்கூட்டியே சொல்லாதது. வயது 18 முதல் 65 வரை, முதன்முறை கொடுப்பவர் என்றால் 60 வரை. எடை குறைந்தது 45 கிலோ. 350 மில்லி எடுப்பார்கள், 55 கிலோவுக்கு மேல் இருந்தால் 450 மில்லி எடுக்கலாம். ஹீமோகுளோபின் 12.5 கிராம் இருக்க வேண்டும். ஆண்கள் 90 நாளுக்கு ஒரு முறை, பெண்கள் 120 நாளுக்கு ஒரு முறை கொடுக்கலாம். இரவு வேலை முடித்துத் தூங்காமல் வந்தவர், முதல் நாள் குடித்தவர், பச்சை குத்தி ஓராண்டு ஆகாதவர், காய்ச்சலுக்கு மாத்திரை சாப்பிடுபவர் ஆகியோரைத் திருப்பி அனுப்புவார்கள். வெறும் வயிற்றோடு வந்தாலும் எடுக்க மாட்டார்கள். அக்டோபர் 1 புரட்டாசியில் வருகிறது. அது சனிக்கிழமையாக அமைந்தால் பெருமாளுக்கு விரதம் இருப்பவர்கள் பாதிப்பேர். ஆடி வெள்ளியிலும் இதே கதைதான். இத்தனையையும் ஒரு சிறு தாளில் அச்சடித்துப் பெயர் எழுதும்போதே கொடுத்தால், திரும்பிப் போகிறவர் எண்ணிக்கை மளமளவென்று குறையும்.

ஹீமோகுளோபின் குறைந்ததென்று திருப்பி அனுப்பப்படும் பெண்களை அப்படியே விட்டுவிடாதீர்கள். அளவை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள். தனக்கு ரத்தசோகை இருப்பது பலருக்கு அன்றுதான் தெரிகிறது. அன்றைக்கு வாங்கிய ரத்தத்துக்குச் சமமான வேலை அது.

ரத்தம் கொடுப்பதற்கு முன் இரண்டு தம்ளர் தண்ணீர் கொடுங்கள், பிறகு 15 நிமிடம் உட்கார வையுங்கள். மயங்கி விழுபவர்கள் பெரும்பாலும் தண்ணீர் குடிக்காமல் வந்து, எடுத்ததும் சட்டென்று எழுந்தவர்கள். யாராவது தள்ளாடினால் தூக்கி நிறுத்தாதீர்கள். படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள்.

ஒரே நாளில் 110 பை சேர்க்க வேண்டும் என்ற எண்ணத்தையே மறுபரிசீலனை செய்யுங்கள். சிவப்பணுக்களை 35 முதல் 42 நாள்வரை வைத்திருக்கலாம், தட்டணுக்களுக்கு ஐந்தே நாள். கல்லூரிகள் மூடியிருக்கும் மே மாதத்திலும், டெங்கு பரவும் மழைக்காலத்திலும்தான் வங்கிகள் திண்டாடுகின்றன. ஆண்டுக்கு நான்கு முறை, தலா 30 பேர் கொண்ட முகாம் நடத்துங்கள். எந்த மாதம் வேண்டும் என்பதை வங்கியிடமே கேளுங்கள்.

நீர்மோர்ப் பந்தலுக்கு எவ்வளவு தயிர் வாங்குவது?
– கும்பகோணம் வாசகர்

100 லிட்டர் மோருக்கு 18 முதல் 20 லிட்டர் தயிர் போதும். தம்ளருக்கு 150 மில்லி என்று வைத்தால் 650 பேருக்கு வரும். தண்ணீர் கேன் தண்ணீராகவோ காய்ச்சி ஆறியதாகவோ இருக்க வேண்டும். மீனுக்கென்று தயாராகும் ஐஸ் பாரை உடைத்து மோரில் போடவே கூடாது, அது குடிக்கத் தக்க தண்ணீரில் செய்ததல்ல. மண்பானையைச் சுற்றி ஈரத் துணி கட்டினாலே குளிரும். பத்தரைக்குக் கலக்கியதை இரண்டு மணிக்கு மேல் கொடுக்காதீர்கள். காகிதத் தம்ளர் போட இரண்டு பெரிய கூடையும், மாலையில் அவற்றை எடுத்துப் போக ஓர் ஆளும் வேண்டும்.

வாய்க்கால் கரையில் 2,000 பனை விதை ஊன்றினோம். ஆறு மாதமாகியும் ஒன்றும் முளைத்ததாகத் தெரியவில்லை.
– ஒரத்தநாடு வாசகர்

கைவிட வேண்டாம். பனை முதலில் கீழேதான் போகும். விதையிலிருந்து முளை மண்ணுக்குள் இறங்கிக் கிழங்கு வைக்கவே மூன்று நான்கு மாதம் ஆகும். ஓலை வெளியே தலைகாட்ட அதற்கு மேலும் பல மாதங்கள் தேவை. நாலைந்து இடத்தில் மெதுவாகக் கிளறிப் பாருங்கள், கிழங்கு இருந்தால் மூடிவிடுங்கள்.

ஒன்றுமே இல்லையென்றால் காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கும். விதையை வெகுநாள் வெயிலில் குவித்து வைத்திருப்பீர்கள். ஆவணி, புரட்டாசியில் விழும் பழத்தின் விதையை ஐப்பசி மழைக்கு முன் ஊன்றிவிட வேண்டும். அல்லது மேலாகப் புதைத்திருப்பீர்கள். அரை அடிக் குழி வேண்டும், இல்லாவிட்டால் மழை அரித்து விதையை வெளியே தள்ளிவிடும். மூன்றாவது, கிழங்குக்காக யாராவது தோண்டியிருப்பார்கள். அதற்கு ஊரில் முன்பே பேசி, கொல்லையில் தனியாக ஒரு பாத்தி போட்டுக் கொடுத்துவிடுவதே நல்ல வழி.

இடைவெளி 10 அடி. கரையின் உட்சரிவில் ஊன்றாதீர்கள், தூர்வாரும்போது அள்ளிக்கொண்டு போய்விடும். பொக்லைன் நடமாட ஒரு கரையை முழுக்கக் காலியாக விடுவதும் அவசியம். எந்தக் கரை என்பதை நீர்வளத்துறைப் பாசனப் பிரிவில் கேட்டு, அனுமதியையும் எழுத்தில் வாங்குங்கள். ஊர்க்குளம், குட்டை என்றால் ஊராட்சியிடம் போக வேண்டும். அதைக் கிராமசபையில் தீர்மானமாக்கினால் தலைவர் மாறினாலும் நிற்கும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு நாள் சபை கூடுகிறது.

கண் முகாமில் 27 பேரைக் கண்புரை அறுவைக்குத் தேர்ந்தெடுத்தார்கள். பஸ் ஏறியவர்கள் 14 பேர். ஏன் இப்படி?
– திருத்துறைப்பூண்டி வாசகர்

பயம் ஒரு பங்குதான். கூட வர ஆள் இல்லை, ஆடு மாட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, சர்க்கரை அதிகமென்று மருத்துவமனையே ஏற்கவில்லை என்பவைதான் பெரிய காரணங்கள். ஆகவே முகாமுக்குப் பத்துப் பதினைந்து நாள் முன்பே வேலை தொடங்க வேண்டும். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு வீடாகச் சென்று மாத்திரை கொடுக்கும் தன்னார்வப் பெண்களிடம் பேசுங்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ள முதியவர்கள் யார் என்று அவர்களுக்குத் தெரியும். மாத்திரையை விடாமல் சாப்பிட வைத்தாலே பலர் தகுதி பெற்றுவிடுவார்கள்.

இடம் தரைத்தளமாக இருக்க வேண்டும். பார்வை அட்டை வைக்க 20 அடி நீளம், ஜன்னலை மறைத்து இருட்டாக்கக்கூடிய ஓர் அறை, இரண்டு கழிப்பறை தேவை. ஆதார் நகல், சாப்பிடும் மாத்திரைகள், இரண்டு நாள் மாற்றுத் துணி ஆகியவற்றோடு வரும்படி ஆட்டோ மைக்கிலேயே சொல்லுங்கள். நடவும் அறுப்பும் நடக்கும் வாரங்களில் வைக்காதீர்கள். பேருந்தில் ஆண் ஒருவரும் பெண் ஒருவருமாக இரண்டு தொண்டர்கள் கூடவே போய், அங்கே தங்கித் திரும்ப வேண்டும். இது தெரிந்தாலே மகன், மகள் தைரியமாக அனுப்புவார்கள். திரும்பியபின் சொட்டு மருந்தை யார் போடுவார்கள் என்று வீடு வீடாகக் கேட்டு எழுதுங்கள். தனியாக வாழும் பாட்டிக்குப் பக்கத்து வீட்டுப் பெண்ணை ஏற்பாடு செய்யுங்கள். மருத்துவமனை சொன்ன நாளில் மறுபரிசோதனைக்கு அழைத்துப் போவதும் முகாமின் பகுதிதான், அந்தச் செலவையும் முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள்.

புயல் வந்தால் உடனே உதவ இப்போதே என்ன சேர்த்து வைக்கலாம்?
– பட்டுக்கோட்டை மகளிர் குழு

2018 நவம்பர் 16-இல் வேதாரண்யம் அருகே கஜா கரையேறியபோது, மரமும் மின்கம்பமும் சாய்ந்து உள்ளூர்ச் சாலைகள் அடைபட்டன. அதை மனத்தில் வைத்துத் திட்டமிடுங்கள். பழைய துணி வேண்டாம். நனைந்து, பிரிக்க ஆளின்றிச் சாலையோரம் கிடக்கும்.

முதல் இரண்டு நாள் அடுப்பு எரியாது, விறகு நனைந்திருக்கும். அரிசி கொடுத்தால் பொங்க முடியாது. நால்வர் குடும்பத்துக்கு அவல் 1 கிலோ, வெல்லம் அரை கிலோ, பிஸ்கட், பால் பவுடர், 20 லிட்டர் தண்ணீர், மெழுகுவர்த்தி, தீப்பெட்டி, கொசுவத்தி, நாப்கின், ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கொடுங்கள். ஓடும் கீற்றும் பறந்த வீட்டுக்கு 12-க்கு 18 அடி தார்ப்பாய், அதோடு கட்டாயம் 30 அடி கயிறு. கயிறில்லாத தார்ப்பாய் மறுநாள் காற்றில் போய்விடும். மூன்றாம் நாளிலிருந்து அரிசி, பருப்பு, எண்ணெய். தொலைவிலிருந்து சாம்பார் சாதம் கட்டி வந்தால் வழியிலேயே ஊசிப்போகும். அதற்குப் பதில் உள்ளூரில் சமைக்கும் இடத்துக்குச் சரக்காகக் கொடுங்கள்.

வண்டியை முதல் ஊரிலேயே பிரித்துவிடாமல் இருக்கத் தெருவாரியாகக் குடும்ப எண்ணிக்கை வேண்டும். கிராம நிர்வாக அலுவலரிடமும் ரேஷன் கடையிலும் கேட்டு, ஆற்றோரக் குடிசைகளும் காலனித் தெருக்களும் விடுபடாமல் பட்டியலை ஐப்பசிக்கு முன் எழுதிவிடுங்கள். முதல் நாளே வீடு வீடாக டோக்கன் கொடுத்து, மறுநாள் பகலில் டோக்கனைப் பார்த்துக் கொடுங்கள். இருட்டிய பிறகு விநியோகம் வேண்டாம். தார்ப்பாயும் மெழுகுவர்த்தியும் கெடாதவை, இன்றைக்கே வாங்கலாம். அவலும் பால் பவுடரும் புயல் எச்சரிக்கை வந்த அன்று வாங்கக் கடைக்காரரிடம் இப்போதே பேசி வையுங்கள்.