பதிப்புரிமை யாருக்காக? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். தேவகோட்டையில் எங்கள் ஐயா வீட்டின் இரண்டாம் கட்டில் இரண்டு மர அலமாரிகள் நிறையப் பழைய இதழ்கள் இருக்கின்றன. ஐயா ரங்கூனில் கடை வைத்திருந்தபோது தபாலில் வரவழைத்தவை, ஊர் திரும்பியபின் காரைக்குடியில் வாங்கியவை. எல்லாம் முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் வந்தவை. வீட்டைப் பிரிப்பதா விற்பதா என்று பங்காளிகள் பேச ஆரம்பித்துவிட்டதால், நானும் நண்பர்கள் சிலரும் அவற்றை ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றத் தொடங்கினோம். ஒரு பதிப்பகத்திடமிருந்து கடிதம் வந்தது. குறிப்பிட்ட ஓர் எழுத்தாளரின் கதைகள் தங்களுக்கு உரிமையானவை, நீக்காவிட்டால் கைது வரை போகும் என்று எழுதியிருந்தார்கள். பயந்துபோய் எல்லாவற்றையும் எடுத்துவிட்டோம்.

உங்கள் நாவலின் பிடிஎஃப் வாட்ஸ்அப்பில் சுற்றுவதைக் கண்டித்து எழுதியிருந்தீர்கள். அதே கட்டுரையில், பதிப்புரிமைச் சட்டத்தை மேலும் கடுமையாக்கக் கூடாது, அந்தக் கோரிக்கைக்குப் பின்னால் பெரிய நிறுவனங்களின் லாபி இருக்கிறது என்றும் எழுதியிருந்தீர்கள். எனக்குப் புரியவில்லை. திருட்டு தவறு என்றால் கடுமையான சட்டம் வேண்டாமா? நிறுவனங்கள் தங்கள் சொத்தைக் காக்க அரசிடம் முறையிட்டால் என்ன தவறு? வியாபாரிகள் ஊரில் பிறந்தவன் நான். சங்கம் வைத்து அரசிடம் மனுக் கொடுப்பதை எங்கள் வீட்டில் யாரும் தவறாகச் சொன்னதில்லை. கடைசியாக ஒன்று: நாங்கள் செய்தது திருட்டா?

பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தேவகோட்டை வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதுதான் உங்களைத் தூங்கவிடாமல் செய்திருக்கும். நீங்கள் ஏற்றியவற்றில் பெரும்பகுதி திருட்டே அல்ல.

நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இல் வந்தது. இன்றைய நிலையில், எழுத்தாளர் இறந்த ஆண்டு முடிந்து 60 ஆண்டுகள் வரை உரிமை அவருடைய வாரிசுகளுக்கோ அவர்களிடமிருந்து வாங்கியவர்களுக்கோ உண்டு. பெயரில்லாமலும், யாரென்று கடைசிவரை வெளிப்படாத புனைபெயரிலும் வந்தவற்றுக்கு, வெளியான ஆண்டிலிருந்து 60. ஆகவே உங்கள் ஐயாவின் இதழ்களில் உள்ள பெயரில்லாக் குறிப்புகள், ஊர்ச் செய்திகள், விளம்பரங்கள், அந்தக் காலத்திலேயே மறைந்துவிட்டவர்களின் கட்டுரைகள் எதற்கும் யாரும் உரிமை கோர முடியாது. தமிழ்நாடு அரசு நாட்டுடைமையாக்கிய நூறுக்கும் மேற்பட்ட எழுத்தாளர்களின் எழுத்தையும் யாரும் வெளியிடலாம். மிஞ்சுவது, அப்போது இளைஞர்களாக எழுதத் தொடங்கி எழுபதுகள், எண்பதுகள் வரை வாழ்ந்தவர்களின் படைப்புகள். பதிப்பகம் குறிப்பிட்ட எழுத்தாளர் இந்த வகையில் வந்தால் அந்தக் கதைகளை நீக்கியது சரிதான். அவருடைய குடும்பத்துக்கு அதில் நியாயமான பங்கு இருக்கிறது. மற்ற ஆயிரம் பக்கங்களை நீக்கும்படி எந்தச் சட்டமும் உங்களிடம் சொல்லவில்லை.

கைது என்ற மிரட்டல் வெறும் வார்த்தை அல்ல என்பதையும் சொல்லவேண்டும். 63-ஆம் பிரிவின்படி, தெரிந்தே உரிமையை மீறினால் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, ஐம்பதாயிரம் முதல் இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம். இது வாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய, ஜாமீனை உரிமையாகக் கேட்கமுடியாத குற்றம் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் அதே சட்டத்தில் 60-ஆம் பிரிவும் இருக்கிறது. ஆதாரமில்லாமல் பதிப்புரிமையின் பெயரால் மிரட்டப்படுகிறவர், நீதிமன்றத்துக்குப் போய் அந்த மிரட்டலைத் தடுக்கலாம், நஷ்டஈடும் கேட்கலாம். வக்கீல் நோட்டீசில் முன்னதை மட்டும்தான் எழுதுவார்கள்.

இனி, நான் முரண்படுகிறேன் என்ற குற்றச்சாட்டு. என் நாவலை எவரோ முழுதாக ஸ்கேன் செய்து ஆயிரம் பேருக்கு அனுப்பியதில் எனக்கு உண்மையான கோபம் இருக்கிறது. தமிழில் எழுதுகிறவனுக்குக் கிடைக்கும் ராயல்டி மிகச் சிறிது, அதையும் பிடுங்குகிறார்கள். அவர்களைத் தண்டிக்கச் சட்டம் வேண்டும். அந்தச் சட்டம்தான் மேலே சொன்ன 63-ஆம் பிரிவு. அது ஏற்கெனவே இருக்கிறது. அதற்கும் மேலே கடுமை சேர்க்கப்பட்ட ஒவ்வொரு முறையும், கேட்டவர் யார், கிடைத்தது யாருக்கு என்று பார்க்கிறேன். அங்கேதான் நான் நிறுவனங்களிடமிருந்து விலகி நிற்கிறேன்.

நம் மாநிலத்தையே எடுத்துக்கொள்வோம். குண்டர் தடுப்புச் சட்டத்தில் 2004-இல் 'வீடியோ திருடர்'களைச் சேர்த்தார்கள். விசாரணையே இல்லாமல் ஓராண்டு வரை ஒருவரை உள்ளே வைக்கலாம். திரைப்படத்துக்கும் ஒலிப்பதிவுக்கும் மட்டும்தான் இந்தப் பாதுகாப்பு, புத்தகத்துக்குக் கிடையாது. திரையுலகத்தார் முறையிட்டார்கள், அரசு கேட்டது. எழுத்தாளனும் அதே திருட்டில் பறிகொடுத்தவன்தான், அவனை யாரும் கேட்கவில்லை. எனக்கும் அப்படிப்பட்ட சட்டம் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. என் நாவலைத் திருடியவனைக்கூட விசாரணையில்லாமல் சிறையில் வைப்பதை நான் ஏற்கமாட்டேன். குற்றத்தின் அளவைப் பார்த்துத் தண்டனை வரவில்லை, முறையிட்டவரின் செல்வாக்கைப் பார்த்து வந்தது என்பதே என் ஆற்றாமை.

சங்கம் வைத்து மனுக் கொடுப்பது தவறில்லை. நம் ஊர்க்காரர்கள் பர்மாவிலும் மலாயாவிலும் அப்படித்தான் தொழிலைக் காத்துக்கொண்டார்கள். ஆனால் மனுவை எல்லோரும் படிக்க முடியவேண்டும். அதனால் பாதிக்கப்படுகிறவன் எதிர்மனுக் கொடுக்க வழி இருக்கவேண்டும். அமெரிக்காவில் 1995-இல் வந்த சட்டப்படி, லாபி செய்கிறவர்கள் பதிவு செய்துகொண்டு எவ்வளவு செலவழித்தார்கள் என்று கணக்குக் காட்டவேண்டும். நம் நாட்டில் அப்படி ஒரு சட்டமே இல்லை. எந்த மசோதாவின் வரைவையும் குறைந்தது முப்பது நாள் மக்கள் பார்வைக்கு வைக்கவேண்டும் என்று மத்திய அரசு 2014-இல் ஒரு கொள்கை வகுத்தது. அது கொள்கைதான், கட்டாயம் இல்லை. அப்படி வைக்காமலே பல மசோதாக்கள் வந்திருக்கின்றன.

பொதுவில் பேசினால் என்ன நடக்கும் என்பதற்கு நம் மண்ணிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. பாரதி 1921-இல் மறைந்தார். அவருடைய பாடல்களை இசைத்தட்டிலும் படத்திலும் பயன்படுத்தும் உரிமை ஒரு வணிகரிடம் போய், அவரிடமிருந்து காரைக்குடியில் பிறந்த ஏ.வி. மெய்யப்பச் செட்டியாரிடம் வந்தது. போர்க்காலத்தில் சென்னையை விட்டு வந்து தேவகோட்டை ரஸ்தாவில் அவர் அமைத்த ஸ்டூடியோ உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1947-இல் வெளிவந்த 'நாம் இருவர்' படத்துக்காக டி.கே. பட்டம்மாள் பாடிய பாரதி பாடல்கள் நாடெங்கும் ஒலித்தன. சட்டப்படி செட்டியார் பக்கம் ஒரு குறையும் இல்லை. காசு கொடுத்து வாங்கினார், நல்ல முறையில் பயன்படுத்தினார், டி.கே.எஸ். சகோதரர்கள் தங்கள் படத்தில் பாரதி பாடலைச் சேர்த்தபோது தம் உரிமையைக் கோரினார்.

அப்போதுதான் தமிழ்நாடு விழித்துக்கொண்டது. ஒரு தேசத்தின் கவிஞனைப் பாட ஒரு கம்பெனியிடம் அனுமதி கேட்பதா என்று எழுத்தாளர்களும் பத்திரிகைகளும் கேட்டன. 1948-இல் பாரதி விடுதலைக் கழகம் தோன்றியது. வ.ரா., நாரண துரைக்கண்ணன், திருலோக சீதாராம் போன்றவர்கள் முன்னின்றார்கள். பாரதியின் மனைவி செல்லம்மாளைத் திருநெல்வேலிக்கே போய்ப் பார்த்துப் பேசினார்கள். 1949-இல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் அரசு உரிமைகளைப் பெற்றுக்கொண்டது. குடும்பத்துக்குப் பணம் கொடுத்தது. மெய்யப்பச் செட்டியார் தம்மிடமிருந்த உரிமையைப் பணம் வாங்காமலே விட்டுக்கொடுத்தார். நான் அவரை மதிப்பது படங்களுக்காக மட்டும் இல்லை, இதற்காகவும்தான். பிறகு அரசு அந்த உரிமையை மக்களுக்கே பொதுவாக்கியது. 1957-இல் சக்தி வை. கோவிந்தன் பாரதியார் கவிதைகளை ஒன்றரை ரூபாய்க்குக் கொண்டுவந்தார். அவரும் நம் பக்கத்து ராயவரத்துக்காரர். உரிமை வைத்திருந்தவர், அதை விடுவிக்கப் போராடியவர்கள், விடுபட்டதை ஏழை வீட்டுக்கும் கொண்டுசேர்த்தவர், இத்தனை பேரும் பொதுவெளியில் வாதாடி, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து முடித்துக்கொண்ட காரியம் அது. மூடிய அறையில் முடிவாகியிருந்தால் எப்படி முடிந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே மனம் வரவில்லை.

எதிர்ப்பக்கத்து உதாரணமும் கைவசம் உண்டு. தாகூர் 1941-இல் மறைந்தார். அன்றைய சட்டத்தின் 50 ஆண்டுக் கணக்குப்படி 1991 முடிவில் அவருடைய எழுத்து பொதுவாகியிருக்கவேண்டும். உரிமை வைத்திருந்தது அவர் நிறுவிய விஸ்வபாரதி பல்கலைக்கழகம். அந்த டிசம்பர் கடைசியில் அவசரச் சட்டம் வந்து, பத்து ஆண்டு கூட்டப்பட்டது. ஒரு கவிஞரின் பெயரைச் சொல்லி இந்தியாவில் எழுதிய அத்தனை பேரின் எழுத்துக்கும் பத்து ஆண்டுப் பூட்டு விழுந்தது. அமெரிக்காவில் 1998-இல் இதையே இருபது ஆண்டாகச் செய்தார்கள். டிஸ்னி உள்ளிட்ட நிறுவனங்கள் முன்னின்று வேண்டிய சட்டம் அது. 1928-இல் வந்த முதல் மிக்கி மவுஸ் படம், அதனால் 2024 ஜனவரி வரை பொதுவுக்கு வரவில்லை. படைத்தவர்கள் எல்லாம் எப்போதோ இறந்துவிட்டார்கள். இறந்தவரை மேலும் எழுதச் சொல்லி ஊக்கப்படுத்த எந்தச் சட்டத்தாலும் முடியாது.

2012-இல் அமெரிக்கக் காங்கிரஸ் முன் இருந்த சோபா (SOPA) என்ற இணையத் திருட்டுத் தடுப்பு மசோதா இன்னொரு வகை. மீறல் நடக்கிறது என்று குற்றம் சாட்டப்படும் வெளிநாட்டுத் தளங்களையே முடக்க அது வழி செய்தது. அதற்காக வாதாடிய திரைப்பட நிறுவனங்களின் சங்கத்துக்குத் தலைவராக இருந்தவர், முப்பது ஆண்டு செனட்டராக இருந்துவிட்டு வந்த கிறிஸ் டாட். ஜனவரி 18 அன்று ஆங்கில விக்கிப்பீடியா எதிர்ப்புத் தெரிவித்து ஒரு நாள் முழுக்க இருண்டு நின்றது. இரண்டே நாளில் மசோதா கிடப்பில் போடப்பட்டது. அந்த எதிர்ப்பிலும் கூகுள் போன்ற நிறுவனங்களின் லாபி இருந்தது என்பதை மறைக்கமாட்டேன். ஆனாலும் வாக்களிக்கும் மக்கள் தொலைபேசியில் அழைத்துத் தங்கள் உறுப்பினரைக் கேள்வி கேட்டார்கள். அது இல்லாமல் அந்த மசோதா தடைபட்டிருக்காது.

சோபாவில் வரவிருந்தது நமக்கு நீதிமன்ற உத்தரவாக வந்துகொண்டிருக்கிறது. 2017 ஆகஸ்டில் இரண்டு இந்திப் படங்களின் தயாரிப்பாளர்கள் கேட்டுக்கொண்டபடி சென்னை உயர் நீதிமன்றம் 2,600-க்கும் மேற்பட்ட தளங்களை முடக்க உத்தரவிட்டது. அந்தப் பட்டியலில் இன்டர்நெட் ஆர்கைவும் இருந்தது. பழந்தமிழ் நூல்களின் ஸ்கேன்களை இலவசமாக வைத்திருக்கும் இடம் அது. ஓர் ஆராய்ச்சி மாணவி நூறாண்டுக்கு முந்தைய ஒரு நிகண்டைத் தேடினால், தொடர்பே இல்லாத ஒரு படத்துக்காக அவள் முன் கதவு சாத்தப்பட்டது. தொகுத்தவர்களையோ வாசகர்களையோ யாரும் கேட்கவில்லை.

எழுத்தாளர் பெயரைச் சொல்லி எழுத்தாளரின் விருப்பத்துக்கு எதிராகவே வழக்கு நடந்ததும் உண்டு. டில்லிப் பல்கலைக்கழக வளாகத்து ஜெராக்ஸ் கடை ஒன்றின் மேல் 2012-இல் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்டு பிரான்சிஸ் பதிப்பகங்கள் வழக்குப் போட்டன. மாணவர்களுக்குப் பாடப் பகுதிகளை நகலெடுத்துத் தொகுத்துக் கொடுத்ததுதான் குற்றம். அந்தப் புத்தகங்களை எழுதியவர்களிலேயே பலர் இந்த வழக்கு வேண்டாம் என்று கையெழுத்திட்டார்கள். 2016-இல் டில்லி உயர் நீதிமன்றம் கடையின் பக்கம் நின்றது. காரைக்குடியில் கல்லூரிச் சாலையில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர்களுக்கு அந்தத் தீர்ப்பை யாராவது தமிழில் அச்சடித்துக் கொடுத்தால் நல்லது.

அதே 2012-இல் நம் நாடாளுமன்றம் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியது. பாடலாசிரியர்களும் இசையமைப்பாளர்களும் தங்கள் ராயல்டியை எழுதிக் கொடுத்தாலும் இழக்கமுடியாது என்ற விதி வந்தது. படத் தயாரிப்பாளர்களும் இசை நிறுவனங்களும் எதிர்த்தும், இந்திப் பாடலாசிரியர் ஜாவேத் அக்தர் போன்றவர்கள் வெளிப்படையாக வாதாடி வென்றார்கள். பார்வையற்றோர் படிக்கும் வடிவத்தில் நூலை மாற்ற அனுமதியும் வந்தது. ஆனால் வெளிநாட்டுப் புத்தகங்களை மலிவாக இறக்குமதி செய்ய வழிசெய்யும் ஒரு வாசகம், நாடாளுமன்ற நிலைக்குழு ஆதரித்தும், பதிப்பகங்கள் எதிர்த்ததால் கடைசியில் காணாமல் போயிற்று. ஒரே மசோதாவில் மேடையேறிப் பேசியவர்களுக்குக் கிடைத்ததையும், பேச ஆளில்லாத வாசகன் இழந்ததையும் நீங்களே பார்க்கலாம். நான் கடுமையான சட்டத்துக்கு எதிராக எழுதியது இதனால்தான்.

உங்கள் அலமாரிகளுக்கு வருகிறேன். கோட்டையூர் ரோஜா முத்தையா ஓவியக்கடை வைத்திருந்தவர். செட்டிநாட்டு வீடுகளிலும் பழைய புத்தகக் கடைகளிலும் தேடித் தேடி ஏறத்தாழ ஒரு லட்சம் நூல்களையும் இதழ்களையும் துண்டறிக்கைகளையும் சேர்த்தார். 1992-இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அவற்றை வாங்கிச் சென்னையிலேயே நூலகமாக வைத்தது. அவர் சேர்க்காமல் இருந்திருந்தால் எத்தனை இதழ்களின் பெயர்கூட மிஞ்சியிருக்காது. உங்கள் ஐயாவின் இதழ்களில் அங்கே இல்லாதவை இருக்கலாம்.

வீடு கைமாறும் முன் ஸ்கேன் செய்வதைத் தொடருங்கள். சொந்தப் படிப்புக்கும் ஆராய்ச்சிக்கும் நகலெடுத்து வைத்துக்கொள்வதை 52-ஆம் பிரிவு அனுமதிக்கிறது. பொதுவில் ஏற்றுவதுதான் தனியாகக் கவனிக்கவேண்டியது. லாபநோக்கற்ற பொது நூலகம், தன்னிடமுள்ள காகிதப் பிரதியைப் பாதுகாக்க மின்வடிவில் சேமிக்கலாம் என்றும் அதே பிரிவு சொல்கிறது. ஆகவே அலமாரிகளை அப்படி ஒரு நூலகத்துக்குக் கொடுப்பதுதான் மிக நல்லது. இதழ், ஆண்டு, எழுதியவர், அவர் மறைந்த ஆண்டு என்று ஒரு நோட்டில் பட்டியல் எழுதுங்கள். பொதுவானவற்றை இப்போதே திரும்ப ஏற்றலாம். சந்தேகமானவற்றுக்கு வாரிசுகளைத் தேடிக் கடிதம் எழுதலாம், பெரும்பாலோர் மகிழ்ச்சியோடு சம்மதிப்பார்கள். பங்காளிகளிடம் பேச ஆள் வேண்டுமென்றால் சொல்லுங்கள். காரைக்குடியிலிருந்து தேவகோட்டைக்கு அரைமணி நேர பஸ் பயணம்தான், வந்து உட்கார்ந்து பேசுகிறேன்.

அன்புடன்.