ஒரே பால், கடைக்குக் கடை ஏன் வேறு விலை? ஒரு பால் முகவரின் பதில்கள்

சென்னையில் 31 வருடம் பால் முகவராக இருந்துவிட்டு, தொழிலைத் தம்பி மகனிடம் ஒப்படைத்திருக்கிறேன். பால் விலை பற்றி வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

தாம்பரம் வாசகி: ஆவின் பச்சை அரை லிட்டர் பாக்கெட்டில் 22 ரூபாய் என்று அச்சிட்டிருக்கிறது. பாலகத்திலும் சூப்பர் மார்க்கெட்டிலும் அதே விலைதான். தெருமுனைப் பெட்டிக்கடையில் மட்டும் 24 வாங்குகிறார்கள். ஒரே பால்தானே ஐயா?

ஒரே பால்தான் அம்மா. மாதவரம், அம்பத்தூர், சோழிங்கநல்லூர் என்று எந்தப் பண்ணையில் நிரப்பியிருந்தாலும், உங்கள் பகுதிக்கு ஒரே வண்டியில் வந்து இறங்கிய பாலாகவே இருக்கும். வித்தியாசம் பாக்கெட்டுக்குள் இல்லை, கடைக்காரரின் கணக்கில் இருக்கிறது.

பால் வரும் பிளாஸ்டிக் பெட்டியை டப் என்போம். ஒரு டப்பில் 24 அரை லிட்டர் பாக்கெட். பாக்கெட்டுக்கு ஒரு ரூபாய் நிற்கிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். எல்லாம் விற்றால் 24 ரூபாய். அதில் ஒரே ஒரு பாக்கெட் லீக் ஆகிவிட்டால் அவர் கொடுத்த 21 ரூபாய் போச்சு. மற்ற 23 பாக்கெட்டை விற்ற லாபத்தில் கையில் மிஞ்சுவது 2 ரூபாய். விற்காமல் நின்றுபோன பாக்கெட்டும் அவர் தலையில்தான் விழும்.

பாலகத்துக்கு இந்தக் கவலை குறைவு. விடியற்காலை வந்த பாலில் பெரும்பகுதி காலையிலேயே போய்விடும். சூப்பர் மார்க்கெட் பாலில் லாபம் பார்ப்பதே இல்லை. பாலுக்கு வந்தவர் பருப்பும் சோப்பும் வாங்கிப் போவார் என்பதுதான் அவர்கள் கணக்கு. பால் இருக்கும் குளிர்பெட்டி பெரும்பாலும் கடையின் கடைக்கோடியில் இருப்பது அதற்காகத்தான். பெட்டிக்கடைக்காரரோ, ராத்திரி பத்து மணிக்குக் குழந்தைக்குப் பால் என்று யாராவது வந்து நின்றால் கொடுக்க வேண்டுமே என்று பிரிட்ஜை நாள் முழுக்க ஓட்டுகிறார். அந்த ராத்திரி பாக்கெட்டுக்கான கூலியை அச்சிட்ட விலையில் யாரும் சேர்க்கவில்லை. அதைத்தான் 'கூலிங் சார்ஜ்' என்று 2 ரூபாயாக உங்களிடம் வாங்குகிறார்.

காரணம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் அது தவறு. 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளின்படி, அச்சிட்ட விலைக்கு மேல் ஒரு காசுகூடச் சில்லறைக் கடை வாங்கக் கூடாது. தமிழ்நாட்டில் இதைக் கவனிப்பது தொழிலாளர் துறை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

குரோம்பேட்டை வாசகர்: ஆவின் ஆரஞ்சு அரை லிட்டர் பாக்கெட்டுக்கு நான் 30 கொடுத்தபோது பக்கத்து வீட்டில் 23தான் கொடுத்தார்கள். என்னை ஏமாற்றிவிட்டார்களா?

இல்லை. அவர்களிடம் மாதாந்திரப் பால் அட்டை இருந்திருக்கும். 2022 நவம்பர் 5 அன்று ஆரஞ்சு பால் லிட்டர் 48லிருந்து 60 ஆனது. அட்டைக்காரர்களுக்கு மட்டும் 46 என்றே விட்டார்கள். தினம் அரை லிட்டர் வாங்கும் வீட்டுக்கு மாதம் 210 ரூபாய் மிச்சம். முன்பணம் கட்ட வேண்டும் என்று பலர் அட்டை போடுவதில்லை. உங்கள் வட்டாரத்தில் இப்போது எந்தப் பாலுக்கு அட்டை தருகிறார்கள் என்று விசாரித்து, அவசியம் போடுங்கள்.

மேடவாக்கம் வாசகர்: பச்சை நிறத் தனியார் பால், ஆவின் பச்சையைவிட விலை அதிகம். ஏன்?

முதலில் நிறத்தை மறந்துவிடுங்கள். எழுத்தைப் படியுங்கள். சமன்படுத்திய பாலில் கொழுப்பு 3 சதவீதம், நிலைப்படுத்திய பாலில் 4.5, நிறைகொழுப்புப் பாலில் 6. நிறம் அந்தந்த நிறுவனத்தின் விருப்பம். ஒருவருக்குப் பச்சை 4.5 என்றால் இன்னொருவருக்கு வேறாக இருக்கலாம். அளவையும் பாருங்கள், எல்லாப் பாக்கெட்டும் 500 மில்லி கிடையாது. இரண்டும் சமமாக இருந்தால்தான் விலையை ஒப்பிட முடியும்.

சமமாக இருந்தும் தனியார் பால் விலை கூடுதல் என்றால், அதில் ஒரு பங்கு கடைக்காரருக்குப் போகிறது. தனியார் நிறுவனங்கள் பொதுவாகக் கூடுதல் கமிஷன் தருவார்கள். பல கடைகளில் அந்தப் பாலே முன்னால் இருப்பது இதனால்தான். ஆவின் கணக்கில் இடமே குறைவு. தரத்துக்கேற்ப, பசும்பாலுக்கு மாட்டுக்காரருக்குப் போகும் விலை 2022 நவம்பரில் லிட்டர் 35 ஆனது. 2023 டிசம்பரில் 3 ரூபாய் ஊக்கத்தொகையும் சேர்ந்து 38. ஆவினின் சமன்படுத்திய பாலான நீலப் பாக்கெட் லிட்டர் 40தான். எடுத்த கொழுப்பை வெண்ணெயாகவும் நெய்யாகவும் விற்றுத்தான் ஈடுகட்ட வேண்டியிருக்கிறது.

போரூர் வாசகி: சூப்பர் மார்க்கெட்டில் விலை குறைவாக இருந்தால் அது பழைய பாலா?

விலையை வைத்து அதைச் சொல்ல முடியாது. தேதியைப் பாருங்கள்.

மயிலாப்பூர் வாசகர்: அமெரிக்காவில் மகன் வீட்டுக்குப் போயிருந்தேன். பெரிய கடையில் வாங்கிய அதே பால், பெட்ரோல் நிலையக் கடையில் மிக அதிகம். யாரும் சண்டை போடவில்லையே?

அங்கே உச்ச விலையை அச்சிடும் சட்டமே இல்லை, சண்டை போட ஆதாரமும் இல்லை. பெரிய கடைகள் கேலன் பாலை, அதாவது ஏறக்குறைய 3.8 லிட்டரை, சில சமயம் வாங்கிய விலைக்கும் குறைவாக விற்கும். ஆளை உள்ளே இழுக்க. பெட்ரோல் நிலையக் கடைக்கு வருபவர் அவசரத்தில் வருகிறார், அந்த அவசரத்துக்கு விலை. எல்லா இடத்திலும் அப்படி இல்லை. விஸ்கான்சினில் க்விக் டிரிப் என்ற பெட்ரோல் நிலையக் கடைகளுக்குச் சொந்தப் பால் பதப்படுத்தும் ஆலையே உண்டு. பென்சில்வேனியாவில் பாலுக்குக் குறைந்தபட்சச் சில்லறை விலையை அரசு வாரியமே நிர்ணயிக்கிறது, பெரிய கடையும் அதற்குக் கீழே போக முடியாது. நாம் மேலே கோடு போட்டோம், அவர்கள் கீழே கோடு போட்டார்கள்.

வியாசர்பாடி கடைக்காரர்: ஐயா, நான் அந்த 2 ரூபாய் வாங்குகிறவன்தான். கரண்ட் பில் கடைக் கட்டணத்தில் வருகிறது. பிரிட்ஜ் பழுதானால் நான்தான் பார்க்க வேண்டும். செல்போன் ஆப் மூலம் பால் வாங்கினால் டெலிவரி கட்டணம், கையாளும் கட்டணம் என்று 20, 30 கொடுக்கிறார்கள். அது சேவை, நான் வாங்கும் 2 ரூபாய் குற்றமா?

தம்பி, இன்று வந்ததிலேயே நியாயமான கேள்வி உங்களுடையது. உங்கள் வருத்தம் முழுக்க உண்மை. நானும் ஒரு கோடையில், மின்வெட்டில் நான்கு டப் பால் திரிந்து, அத்தனையையும் சாக்கடையில் ஊற்றியவன். சப்ளை செய்தவர்கள் ஒரு பைசா திருப்பித் தரவில்லை.

ஆனால் சட்டம் பார்ப்பது வேறு. ஆப்காரர் பாக்கெட்டை அச்சிட்ட விலைக்குப் பில் போட்டு, வீட்டுக்குக் கொண்டுவரும் வேலைக்குத் தனியாக வாங்குகிறார். வேண்டாம் என்றால் நீங்கள் நடந்துபோய் வாங்கலாம். உங்கள் கடைக்கு நடந்து வந்தவரிடம் தனியாக எந்தச் சேவைக்கு வாங்குவீர்கள்? பாலைக் கெடாமல் வைத்திருப்பது விற்பனையிலேயே அடங்கியது. கெட்ட பாலை விற்க முடியாதே. வீட்டு வாசலில் கொண்டுபோய்ப் போட்டால் அதற்குத் தனியாக, சொல்லிவிட்டு வாங்குங்கள்.

கொளத்தூர் வாசகர்: அப்படியானால் ஹோட்டலில் தண்ணீர் பாட்டிலை அச்சிட்ட விலைக்கு மேல் விற்கிறார்களே? உச்ச நீதிமன்றமே அனுமதித்ததே!

ஆமாம், 2017 டிசம்பரில் வந்த தீர்ப்பு. உட்கார இடம், பரிமாற ஆள், இதெல்லாம் சேர்ந்தது ஹோட்டல், அங்கே நடப்பது வெறும் பாட்டில் விற்பனை அல்ல என்பது அதன் காரணம். பெட்டிக்கடைக்கு அது பொருந்தாது.

ஆலந்தூர் வாசகி: வியாசர்பாடி அண்ணனுக்குப் பரிந்து பேசாதீர்கள். என் வீட்டில் தினம் நான்கு பாக்கெட். மாதம் 240 ரூபாய் இப்படியே போகிறது.

பரிந்து பேசவில்லை அம்மா. 240 ரூபாய் பெரிய பணம்தான், அதை வாங்க அவருக்கு உரிமை கிடையாது. நான் சொல்வது, அந்தப் பணம் அவருக்குக் கமிஷனாக மேலிருந்து வர வேண்டும் என்பது. ராத்திரி வரை பாலை வைத்திருக்கும் கடைக்குத் தனிக் கமிஷன் கொடுங்கள் என்று முகவர்கள் வெகுகாலமாகக் கேட்டு வருகிறோம். கொடுக்காதவரை சட்டத்தை மீறும் சுமை கடைக்காரரிடமும், பணச் சுமை உங்களிடமும் வந்து விழுகிறது.

பெரம்பூர் வாசகர்: எங்கள் தெருவிலும் 2 ரூபாய் கூடுதல். ஏன்?

தாம்பரம் அம்மாவுக்குச் சொன்னதைப் படியுங்கள்.

திருவான்மியூர் வாசகர்: பச்சையைவிட நீலம் விலை குறைவு. தண்ணீர் கலந்ததா?

கொழுப்பு சதவீதம் ஐயா. மேலேயே எழுதியிருக்கிறேன். தயவுசெய்து பாக்கெட்டைப் படியுங்கள்.

அண்ணா நகர் வாசகி: ஏ2 பால் உடம்புக்கு நல்லதா?

மருத்துவரைக் கேளுங்கள். எனக்குத் தெரிந்தது விலை.

வேளச்சேரி வாசகர்: 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அரை லிட்டருக்கு 50 ரூபாய் கொடுத்தேன். அதுவும் கூலிங் சார்ஜா?

இல்லை. அது கொள்ளை. தண்ணீரில் வண்டி வர முடியாமல் பால் குறைந்தது உண்மை. ஆனால் கைக்கு வந்த பாக்கெட்டில் அச்சிட்ட விலை மாறவில்லை, வாங்கியவரின் அவசரம்தான் கூடியிருந்தது. அந்த வாரம் இடுப்பளவு தண்ணீரில் டப்பைத் தலையில் வைத்துக்கொண்டு வந்து அச்சிட்ட விலைக்கே கொடுத்த கடைக்காரர்களையும் எனக்குத் தெரியும்.

வியாசர்பாடி கடைக்காரர் (மறுபடியும்): சரி ஐயா. நாளையிலிருந்து 22க்கே தருகிறேன். ஆனால் மாலை ஆறு மணிக்கு மேல் பால் வைக்க மாட்டேன்.

அப்படிச் செய்தால் உங்கள் தெருவில் கைக்குழந்தை இருக்கும் வீடுகள்தான் திண்டாடும். ஒன்று செய்து பாருங்கள். ராத்திரி பால் வேண்டியவர்களிடம் காலையிலேயே பெயர் எழுதி, பணமும் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த எண்ணிக்கைக்கு மட்டும் பாக்கெட்டை வையுங்கள். விற்காமல் நிற்கும் பாக்கெட் இருக்காது. என் கடைசி ஆறு வருடம் நான் அப்படித்தான் ஓட்டினேன். முதல் வாரம் பதினோரு வீடுகள் பெயர் கொடுத்தன.