நெறிக்கட்டியில் ஓர் அரிய ஹாட்ஜ்கின் வகை: நோய்க்குறியியல் மருத்துவர் பதில்கள்

கேள்வி (தண்டையார்பேட்டை): டாக்டர், அண்ணனின் கழுத்துக் கட்டியில் ஊசிப் பரிசோதனை செய்தும் ஒன்றும் தெளிவாகவில்லை. லிம்ஃபோமாவாக (நிணநீர்ப் புற்றுநோயாக) இருக்கலாம் என்று கட்டியை முழுதாக எடுக்கச் சொல்கிறார்கள். அவசியமா?

பதில்: அவசியம். லிம்ஃபோமாவின் ஒரு வகையான ஹாட்ஜ்கின் நோயில், அதிலும் லிம்ஃபோசைட் (ஒருவகை வெள்ளையணு) மிகுந்த முடிச்சு வகை என்னும் அரிய வகையில், நோய்ச் செல்கள் மிகச் சிலவே. அவற்றைச் சூழ்ந்திருப்பவை பெரும்பாலும் சாதாரண லிம்ஃபோசைட்டுகள் என்பதால் ஊசிமுனைக்கு அவை தப்பிவிடலாம், சிக்கினாலும் கணுவின் (நெறிக்கட்டியின்) அமைப்பு தெரியாது. வடசென்னையில் கழுத்துக் கட்டி என்றதும் காசநோயை நினைப்பது சரியே. ஆகவே எடுத்த கணுவில் ஒரு துண்டைப் பார்மலின் என்னும் பதப்படுத்தும் திரவத்தில் போடாமல் காசநோய்ப் பரிசோதனைக்குத் தனியே அனுப்பும்படி முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி (பெரம்பூர், ஆய்வகப் படிப்பு மாணவி): இந்த முடிச்சு வகையின் நோய்ச் செல்லான பாப்கார்ன் செல்லை எப்படி உறுதி செய்வது?

பதில்: பொரிந்த சோளம்போல் மடிப்புமடிப்பான உட்கரு, சிறிய உட்கருமணிகள், குறைந்த சைட்டோபிளாசம் ஆகியவை அதன் தோற்றம். ஆனால் தோற்றத்தை மட்டும் நம்பி முடிவெழுதக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து, ஏனெனில் வழக்கமான ஹாட்ஜ்கினின் நோய்ச் செல்லான ரீட்-ஸ்டெர்ன்பெர்க் செல்லும் சில நேரம் இப்படியே காட்சி தரும். செல்லின் குறிப்பிட்ட புரதங்களைக் காட்டும் இம்யூனோ சாயங்களில்தான் இரண்டும் பிரிகின்றன: பாப்கார்ன் செல் சிடி20, சிடி45, ஓசிடி2 ஆகிய புரதங்களுக்கான சாயங்களை ஏற்கும், சிடி15, சிடி30 இரண்டையும் பெரும்பாலும் ஏற்காது; வழக்கமான ஹாட்ஜ்கினிலோ சிடி30 பளிச்சென்று தெரியும், சிடி20 பெரும்பாலும் இராது. அதன்பின் அக்கம்பக்கத்தைப் பாருங்கள். பிடி1 சாயம் ஏற்ற டி செல்கள் (டி, பி இரண்டும் லிம்ஃபோசைட் வகைகள்) நோய்ச் செல்லை வளையமாகச் சூழ்ந்திருப்பதும், சிடி21 சாயம் காட்டும் துணைச் செல்களின் வலைப்பின்னலுக்குள் சிறிய பி செல்கள் முடிச்சாகத் திரண்டிருப்பதும் இந்த வகைக்கு வலுவான சான்றுகள்.

கேள்வி (இராயபுரம்): அறிக்கையில் 'டி செல் மிகுந்த பெரிய பி செல் லிம்ஃபோமாவை விலக்க வேண்டும்' என்று எழுதியிருக்கிறார்கள். பயப்பட வேண்டுமா?

பதில்: அது நோயியல் மருத்துவரின் எச்சரிக்கை உணர்வு. லிம்ஃபோசைட் மிகுந்த முடிச்சு வகை ஹாட்ஜ்கின், இந்தப் பெரிய பி செல் லிம்ஃபோமா ஆகிய இரண்டிலும் நோய்ச் செல் ஏறத்தாழ ஒன்றே. முடிச்சும் வலைப்பின்னலும் இருக்கின்றனவா என்பதே வேறுபாடு. சிறு துண்டில் அதைச் சொல்ல இயலாமல் போகலாம். முன்னது பொதுவாக மெதுவாக வளரும், தொடக்க நிலையில் பலருக்குக் கதிர்வீச்சு மட்டுமே போதும். பின்னது வேகமானது, அதற்கு வேறு மருந்து முறை வேண்டும். எனவே விடை தெரியும்வரை சிகிச்சை முறையை முடிவு செய்ய அவசரப்படாதீர்கள், ஆனால் விடையைத் தேடுவதில் தாமதமும் வேண்டாம்.

கேள்வி (எண்ணூர்): மறுகருத்துக்கு ஸ்லைடுகள் போதுமா?

பதில்: போதாது. பாரஃபின் பிளாக்கையும் (திசுவைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டியையும்) கேட்டு வாங்குங்கள். விடுபட்ட சாயங்களை அதிலிருந்துதான் போட முடியும்.