ஆறு மாதமாகியும் நாக்கு வளையவில்லையா, தம்பி?

ஒரே விமானத்தில் வந்து ஒரே அறையில் தங்கியிருக்கும் நண்பர் ஆறு மாதத்தில் மெல்பர்ன்காரர் மாதிரியே ஆங்கிலம் பேசுகிறார், எனக்கு மட்டும் ஏன் வரவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். தம்பி, நான் வந்து 19 வருடமாகிறது. எனக்கும் வரவில்லை.

என் மனைவி கதையே வேறு. கோயம்புத்தூர்க்காரி. திருநெல்வேலியில் என் அக்கா வீட்டில் நாலு நாள் இருந்தாலே பேச்சில் 'அங்கன', 'இங்கன' ஒட்டிக்கொள்ளும். இங்கே பக்கத்து வீட்டு ஐரிஷ் பாட்டியோடு அரை மணி நேரம் வேலியோரம் நின்றுவிட்டு வந்தால், என்னிடம் பேசும் தமிழில்கூட அந்தப் பாட்டியின் ராகம் இருக்கும். சொன்னால், "நான் எங்கே அப்படிப் பேசினேன்?" என்று சண்டைக்கு வருவாள். சிலருக்குக் காதும் வாயும் அப்படி அமைந்துவிடுகிறது. வியன்னா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட ஆய்வில், வேற்று உச்சரிப்பைக் கேட்டு அப்படியே சொல்வதில் பாடகர்கள் வாத்தியக்காரர்களை முந்தினார்கள். (இவள் நன்றாகப் பாடுவாள். நான் பஜனையில் தாளம் தட்டுகிறவன்.)

வயது போனால் மாறவே மாறாது என்பதும் சரியில்லை. எலிசபெத் ராணியின் கிறிஸ்துமஸ் உரைகளை சிட்னியின் மக்குவாரி பல்கலைக்கழகத்தார் அளந்து 2000இல் வெளியிட்டார்கள். 1950களில் இருந்த உயிரொலிகள் 1980களில் சாதாரண தென் இங்கிலாந்துக்காரர்கள் பக்கம் நகர்ந்திருந்தன. முழுதாகப் போய்ச் சேரவில்லை. ராணிக்கே அவ்வளவுதான்.

ஒன்றை மட்டும் பழகிக்கொள்ளுங்கள்: ஆங்கிலச் சொல்லின் முதலில் வரும் 'ப' (p). வந்த புதிதில் ஒரு பேக்கரியில் காய்கறி அடைத்த பண்டத்தைக் காட்டி 'பை' (pie) என்றேன். அந்தப் பெண் சிரித்து, 'பை பை' (bye bye) என்று கையசைத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதானே! நம் 'பல்'லில் வரும் ப காற்றில்லாமல் வருவதால், இவர்கள் காதில் 'பாபு'வின் ப-வாக (b) விழுகிறது. இவர்கள் சொல்லும்போது உதட்டிலிருந்து புஸ்ஸென்று காற்று வரும். வாய்க்கு முன்னால் டிஷ்யூ காகிதத்தைப் பிடித்துக்கொண்டு 'பார்க்' (park) என்று சொல்லுங்கள். காகிதம் ஆட வேண்டும். எனக்கு ஆட மூன்று வாரமானது.

மற்றதை விட்டுவிடுங்கள். வேண்டுமென்றே இவர்களைப் போல இழுத்தால் வம்பு. ஒருநாள் அலுவலகத்தில் 'டே'யை (day) இவர்கள் மாதிரி 'டை' என்று இழுத்துப் பார்த்தேன். "யாரைக் கிண்டல் செய்கிறாய்?" என்றார் எதிர் மேஜைக்காரர்.

அப்புறம், அந்த நண்பர் ஊரில் அம்மாவுக்குப் போன் பேசும்போது கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள். இரண்டாவது நிமிடத்தில் மெல்பர்ன் காணாமல் போயிருக்கும்.